வேலை முடியாத ஒரு மொறிஸ் மைனரின் விற்பனை: கல்லடியில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு, கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பகுதியிலுள்ள ஒரு வீட்டின் பின்வளவில், பாதியில் நின்றுபோன புனரமைப்பு வேலையுடன் ஒரு மொறிஸ் மைனர் 1000 கார் இருந்தது. அதை 2023 இன் நடுப்பகுதியில் விற்க முடிவு செய்ததிலிருந்து மறுவருடம் அது புதிய உரிமையாளரின் பெயருக்கு மாறும்வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். வாகன மதிப்பீட்டு வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் குடும்பத்தினர் என்னை அழைத்திருந்தனர். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

அந்தக் கார் 1959 இல் ஸ்ரீ இலக்கத் தகட்டுடன் பதிவு செய்யப்பட்டது. இரண்டு கதவுகளும் 948 கனசென்ரிமீற்றர் என்ஜினும் கொண்டது. உரிமையாளரின் தந்தை அப்போதிக்கரியாக வேலை செய்த காலத்தில் வாங்கி, ஊர் ஊராகச் சென்று நோயாளரைப் பார்க்கப் பயன்படுத்தியது. 1990களில் முறைப்படி மகனின் பெயருக்கு மாற்றப்பட்டு, 2017 வரை ஓடியது. நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்ற மகன், அதே வருடம் காரை முழுதாகக் கழற்றிப் புதிதாகக் கட்டியெடுக்கத் தொடங்கினார்.

முதல் மூன்று வருடங்களில் தகரவேலையின் பெரும்பகுதி நடந்தது. 2020 இல் ஊரடங்குகள் வந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை அண்டியிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டபோது, இங்கிலாந்திலிருந்து வரவழைக்க எண்ணியிருந்த றப்பர்களும் பிரேக் பாகங்களும் அவரது ஓய்வூதியத்துக்கு எட்டாதவையாகின. வேலை அத்தோடு நின்றது. 2023 இன் தொடக்கத்தில் அவர் காலமானார். அவரது மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர்களின் மகன் கொழும்பில் தொழில் பார்க்கிறார். மகள் கனடாவில் குடும்பமாக இருக்கிறார். காரைப் பராமரிக்க வீட்டில் எவரும் இல்லாத நிலையில், அடுத்த மாரிக்கு முன் அதை விற்றுவிடுவது என்று மூவரும் ஒருமனதாக முடிவெடுத்தனர். வாடைக்காற்று மழை தொடங்கினால் அந்தத் தகரக் கொட்டகைக்குள் எந்த இரும்பும் தப்பாது என்பதை ஆசிரியை நன்கு அறிந்திருந்தார்.

முதற் பரிசோதனையில் கண்டவை

மொறிஸ் மைனரை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தார். அது 1948 இல் அறிமுகமானது. தனிச் சேசிஸின் (அடிச்சட்டகத்தின்) மேல் பொடி, அதாவது காரின் உடற்பகுதி, ஏற்றப்பட்ட வாகனம் அல்ல அது. தளத்தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் இரு பக்கச் சில்களும் (sill), குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. ஆகவே இந்தக் காரில் சில் இற்றுப்போவது அழகு சம்பந்தப்பட்ட குறையாக நின்றுவிடுவதில்லை. காரின் முதுகெலும்பே பலவீனப்படுகிறது. இதை மனதில் வைத்தே பரிசோதனையைக் கீழிருந்து தொடங்கினேன்.

இரு பக்கங்களிலும் புதிய சில்கள் ஒட்டப்பட்டிருந்தன. வெல்டிங் தையல்கள் சீராகவும் தகடு தடிப்பாகவும் இருந்தன. ஆனால் கழற்றி வைக்கப்பட்டிருந்த இடது கதவைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தபோது, அதன் பின் ஓரத்தின் இடைவெளி மேலே 3 மில்லிமீற்றராகவும் கீழே 9 மில்லிமீற்றராகவும் இருந்தது. பழைய சில்லை வெட்டி எடுக்கும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து இறுக்காவிட்டால், இரு முனைகளிலும் முட்டுக் கொடுத்து நிற்கும் பொடி நடுவில் தாழும். மேலே நெருங்கி, கீழே விரியும். அந்த நிலையிலேயே புதிய சில் ஒட்டப்பட்டுவிட்டது. அந்தத் தகரவேலையைச் செய்த டிங்கர் பாஸைத் தேடிப் பேசியபோது அவர் எதையும் மறைக்கவில்லை. "கதவக் கழட்டிட்டுத்தான் சில் ஒட்டின நாங்க ஐயா. குறுக்குக் குழாய் வைக்கல்ல. பெரியவர் வலது பக்கத்தப் பார்த்துத் திருப்திப்பட்டவர்," என்றார். வலது பக்கம் உண்மையிலேயே நேராக இருந்தது.

முன் ஆசனங்களுக்குக் கீழே செல்லும் குறுக்குச் சட்டத்தை அடுத்துப் பார்த்தேன். முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் அதிலேயே பூட்டப்பட்டிருப்பதால், அது இற்றிருந்தால் கார் ஓட்டத்துக்கு உதவாது. சுத்தியலால் தட்டியபோது நீளம் முழுவதும் ஒரே ஒலி வந்தது. கூரான ஸ்குரூ டிரைவரின் முனை எங்கும் இறங்கவில்லை. பின் வில்லுகளைத் தாங்கும் இடங்களும் நன்றாக இருந்தன. முன்பக்கம், தளத்தோடு சேர்ந்து முன்னோக்கி நீளும் சட்டமான வலது சேசிஸ் காலின் வெளிப்புறத்தில் புதிய தகடொன்று முழுதாக மூடி ஒட்டப்பட்டிருந்தது. அதன் உள்ளே என்ன செய்யப்பட்டது என்பதற்குப் படமும் இல்லை, குறிப்பும் இல்லை.

கூரையில் ஓரிடத்தில், மெல்லிய துணி சுற்றிய காந்தம் உள்ளங்கையளவு பரப்பில் ஒட்டவேயில்லை. அங்கே நெளிவை நிரப்பும் புட்டிப் பசை தடிப்பாக இருந்தது. ஆசிரியைக்குக் காரணம் உடனே நினைவுக்கு வந்தது: 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியில் தென்னை ஒன்று முறிந்து காரின் மேல் விழுந்து கூரை நெளிந்ததை, மருமகளாக வந்த பிறகு மாமனார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தப் புயலைத் தாண்டி வந்த பழைய கார்களில் இத்தகைய அடையாளங்களை நான் முன்பும் கண்டிருக்கிறேன். வாங்க வருபவர் அதைத் தானே கண்டுபிடிப்பதைவிட, காரணத்துடன் நாம் சொல்லிவிடுவது நல்லது.

பொடி முழுவதும் ரெட் ஒக்சைட் பூசி விடப்பட்டிருந்தது. இந்த முதற்பூச்சு ஈரத்தைத் தடுப்பதில்லை. மேற்பூச்சு ஏறும்வரை சில வாரங்கள் தாங்குவதற்கானது. வருடக்கணக்காக உப்புக்காற்று அதனூடாகப் புகுந்திருந்தது. பின்பக்கச் சாமான் பெட்டியின் (பூட்) தரையில் விரல் நகத்தால் சுரண்டியபோது சிவப்புப் பூச்சு ஏடாக எழும்பியது. அடியில் கபில நிறத் துரு ஈரமாக ஒட்டியிருந்தது. தகடு இன்னும் தடிப்பாக இருந்தபடியால் இது மேற்பரப்புத் துருவே என்று குறித்துக்கொண்டேன்.

இரு என்ஜின்களும் ஒரு தகடும்

கொட்டகையில் ஒரு என்ஜின் பிளொக் பலகையின் மேல் கிடந்தது. இன்னொன்று கல்முனைப் பகுதியிலுள்ள ஒரு லேத் பட்டறையில், ரீபோர் செய்து (சிலிண்டர் துளைகளைக் கடைந்து பெருப்பித்து) முடிந்த நிலையில், கூலி கொடுக்கப்படாமல் இருந்தது. குடும்பத்தினர் இரண்டும் ஒரே என்ஜினின் பகுதிகள் என்றே நினைத்திருந்தனர். வீட்டிலிருந்த பிளொக்கின் சிலிண்டர் துளை 62.9 மில்லிமீற்றர் அளவுக்குக் கிட்ட இருந்தது. அது 948, அதன் இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் பொருந்தியது. பட்டறையில் இருந்தது 1962 இற்குப் பிறகு மைனருக்கு வந்த 1098 என்ஜின்; அதன் ஆரம்பத் துளை 64.58 மில்லிமீற்றர். பழைய பிளொக்கில் நீரோடும் பகுதியில் வெடிப்பு ஏற்பட்டதால் ஆசிரியையின் கணவர் 1098 ஒன்றை எங்கோ வாங்கியிருக்கிறார். எவரிடம் வாங்கினார் என்பதற்குப் பற்றுச்சீட்டு கிடைக்கவில்லை. மேலும் 948 கியர் பெட்டிக்குரிய கிளச் 6¼ அங்குலம், 1098 இற்குரியது 7¼ அங்குலம். ஆகவே புதிய என்ஜினுக்கேற்ற கியர் பெட்டி இல்லை என்பதும் குறைகளின் பட்டியலில் சேர்ந்தது.

இவை யாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்தியது கார் இலக்கத் தகடு, அதாவது வெளியே தெரியும் ஸ்ரீ இலக்கத் தகடு அல்ல, சேசிஸ் இலக்கம் பொறித்த தகடு. பொனட்டைத் திறந்தால் தெரியும் குறுக்குச் சுவரில் றிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்க வேண்டிய அந்தச் சிறு தகடு அங்கே இல்லை. பூச்சுக்காகச் சுவரைச் சுரண்டியபோது கழற்றி, வெற்றுப் பால்மா டின் ஒன்றுக்குள், கதவுக் கைப்பிடித் திருகாணிகளோடு போட்டு வைத்திருந்தார். தகடு கையில் இருக்கிறது, இலக்கம் புத்தகத்துடன் பொருந்துகிறது. ஆயினும் கழன்று கிடக்கும் தகடு எந்தக் காரிலிருந்தும் வந்திருக்கலாம் என்று வாங்குபவர் ஐயுற்றால், அதற்கு வாய்ப்பேச்சால் பதில் சொல்ல முடியாது. மகன் தந்தையின் பழைய கைத்தொலைபேசியைத் தேடி எடுத்தார். கழற்றத் தொடங்குமுன் 2017 இல் எடுத்த படங்களில் ஒன்றில், பச்சைப் பூச்சுடைய சுவரில் அந்தத் தகடு இருந்தது. கடைசி இலக்கத்துக்குக் குறுக்கே ஒரு கீறலும், வலது மூலையில் சிறு மடிப்பும் தெரிந்தன. டின்னிலிருந்த தகட்டிலும் அதே கீறல், அதே மடிப்பு. இந்த ஒரு படம் அந்தக் காருக்குச் செய்த உதவியை எந்தப் பாகமும் செய்யவில்லை.

தகட்டை உடனே சுவரில் அறைந்துவிடலாம் என்று மகன் கருதினார். நான் உடன்படவில்லை. புதிதாகப் பூச்சடித்த சுவரில் பழைய தகடு புது றிவெட்டுகளுடன் நின்றால், அறிந்தவர் எவருக்கும் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். தகட்டையும் படத்தையும் ஓர் உறையில் வைத்துக் காட்டுவதென்றும், வாங்குபவரின் முன்னிலையில், காணொளியாகப் பதிவு செய்தபடி பொருத்துவதென்றும் தீர்மானித்தோம்.

வேலையைத் தொடர்வதா, அப்படியே விற்பதா

பூச்சை அடித்து முடித்துவிட்டால் நல்ல விலை போகும் என்று உறவினர் பலரும் கூறினர். பார்வைக்கு அது நியாயமாகத் தோன்றும். எனது கருத்து வேறு. பூச்சு ஏறியதும் வெல்டிங் தையல்கள் மறைந்துவிடும். வாங்க வருபவர் பார்க்க வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகும். இடது கதவின் இடைவெளியைத் திருத்தச் சில்லை மறுபடி வெட்ட வேண்டியிருப்பதால், அதற்கு முன் அடிக்கும் பூச்சு வீண்செலவு. அத்துடன் இத்தகைய காரை வாங்குபவர், தான் விரும்பும் நிறத்தையும் தான் நம்பும் பாஸையுமே தேடுவார்.

ஆகவே மூன்று காரியங்களுக்கு மட்டும் பணம் செலவிடுவதென்று குடும்பம் ஏற்றுக்கொண்டது. லேத் பட்டறைக் கூலியான 68,000 ரூபாயைச் செலுத்தி என்ஜினை வீட்டுக்குக் கொண்டுவருவது முதலாவது. முன் பின் சக்கரங்களைப் பொருத்திக் காரை உருளச் செய்வது அடுத்தது. உருளாத காரை ஏற்ற ஆள் பலமோ கிறேனோ வேண்டும். அந்தச் செலவை வாங்குபவர் விலையில் கழிப்பார், பெரும்பாலும் செலவைவிடக் கூடுதலாகவே கழிப்பார். பொருத்தும்போது முன் சுழல் மூட்டுகளில் கிறீஸ் அடைத்தோம். கிறீஸ் இல்லாது திருகு தேய்ந்தால் மைனரின் முன் சக்கரம் மடிந்து விழுவது பழைய றைவர்கள் யாவரும் அறிந்த ஆபத்து. மூன்றாவது, பாகங்களை வகைப்படுத்துவது.

இந்த மூன்றாவது வேலையே அதிக நாள் எடுத்தது. பழச்சாற்றுப் பெட்டிகளிலும் உரப்பைகளிலும் சிதறிக் கிடந்தவற்றை ஒன்றொன்றாகத் துடைத்து, படம் பிடித்து, எந்தப் பகுதிக்குரியது என்று எழுதிக் கட்டினோம். எஸ்.யூ. காபரேட்டர், எஸ்.யூ. பெற்றோல் பம்ப், டைனமோ, வளைந்த ஒற்றைக் கண்ணாடி, வெளிச்சக் கிண்ணங்கள் எல்லாம் இருந்தன. 1961 வரை மைனர்களில் கதவுத் தூணிலிருந்து வெளியே எழும்பித் திரும்பும் திசையைக் காட்டிய சிறு கைகாட்டிகளில் இடதுபுறத்தது இருந்தது, வலதுபுறத்தது இல்லை. இல்லாதவற்றுக்கும் ஒரு தனிப்பட்டியல் எழுதினேன். பொருள்களின் பட்டியலைவிட அதையே வாங்க வந்தவர்கள் கவனமாக வாசித்தார்கள்.

புத்தகத்தையும் தகட்டையும் மட்டும் கேட்டவர்

கார் விற்பனைக்கு உண்டு என்ற செய்தி பரவி இரண்டாம் வாரத்தில், வெளிமாவட்டத்திலிருந்து ஒரு வியாபாரி தரகர் ஒருவருடன் வந்தார். காரைச் சுற்றியும் பார்க்கவில்லை. பதிவுப் புத்தகத்தையும் கார் இலக்கத் தகட்டையும் தந்தால் மூன்று இலட்சம் ரூபாயை அப்போதே எண்ணித் தருவதாகவும், பொடியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். மகன் தடுமாறியதில் வியப்பில்லை. அந்தக் கொட்டகைக்குள் இருந்த அத்தனையும் விலைபோகுமா என்ற ஐயம் இருந்த நேரத்தில், இரண்டு சிறு பொருள்களுக்கு அவ்வளவு பணம் வந்தது.

எதற்காக ஒருவர் கார் இல்லாத புத்தகத்தை வாங்குவார் என்பதை ஆசிரியைக்கு விளக்கினேன். பத்திரமில்லாத வேறொரு மைனருக்கு இந்த இலக்கத்தைச் சூட்டி வீதிக்கு இறக்குவார்கள். அது திருடப்பட்டதாகவோ, பாகம் பாகமாகச் சேர்க்கப்பட்டதாகவோ இருக்கலாம். நாளை அந்த வாகனம் விபத்தில் சிக்கினாலோ, பொலிஸ் அதைத் தடுத்து விசாரித்தாலோ, பதிவேட்டில் இருக்கும் பெயர் இறந்துபோன அவரது கணவருடையது. ஆசிரியை நீண்ட நேரம் யோசிக்கவில்லை. "அவர் பெற்றோல் வரிசைக் காலத்திலயே புத்தகத்த ஒருத்தருக்கும் கொடுக்கல்ல தம்பி, நான் கொடுப்பேனா?" என்றார். 2022 இல் வாகன இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் வைத்து கியூ.ஆர். முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது, ஓடாத இந்தக் காரின் பெயரில் பங்கைப் பெற்றுத்தருமாறு அயலவர் கேட்டதையும் கணவர் மறுத்ததையும் அவர் சொன்னார். வியாபாரி தொகையை உயர்த்திப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த மறுப்பையே முழு நிகழ்விலும் முதன்மையான தீர்மானமாக நான் கருதுகிறேன். பொடியும் புத்தகமும் பிரியும்போது ஒரு பழைய கார் உண்மையில் அழிந்துவிடுகிறது; அதன் பெயரில் ஒரு பொய் ஓடத் தொடங்குகிறது. கதவு, பொனட், கண்ணாடி என்று பிரித்து விற்றால் மொத்தத் தொகை சற்றுக் கூடலாம் என்றொரு யோசனையும் வந்தது. ஒட்டி முடித்த பொடியைக் கடைசியில் எவரும் வாங்கமாட்டார்கள் என்பதால் அதையும் கைவிட்டோம்.

விலையை வகுத்த முறை

கணவரின் செலவுக் கொப்பியில் 11 இலட்சத்து 60,000 ரூபாய் பதியப்பட்டிருந்தது. குடும்பத்தினர் 12 இலட்சம் எதிர்பார்த்தனர். "அவர் இதுக்கு எவ்வளவு காசு போட்டவர்" என்ற ஆசிரியையின் சொல்லில் பேராசை இல்லை. தன் கணவர் வருடக்கணக்கில் கொட்டிய உழைப்பைக் குறைத்து மதிப்பிட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் கணக்கை அவர் முன்னிலையிலேயே எழுதினோம். கரும்பலகையில் கணக்குப் படிப்பித்தவர் அவர். ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்டே ஏற்றார்.

ஓடும் நிலையிலுள்ள, பத்திரம் சரியான மைனர் 1000 அக்காலத்தில் கைமாறிய விலைகளில் எனக்கு நேரடியாகத் தெரிந்தவற்றின் நடுவாக 14 இலட்சத்தை எடுத்தோம். புதிய வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதிலிருந்து பாவித்த வாகனங்கள் யாவும் விலையேறியிருந்தன, பழைய கார்களும் அதற்கு விலக்கல்ல. பின்னர், ஒருவரது மதிப்பீடு மற்றவருக்குத் தெரியாதவாறு இரு கராஜ்களை வரவழைத்து, வேலையை முடிக்க என்ன செலவாகும் என்று எழுத்தில் கேட்டோம். ஒருவர் 7 இலட்சத்து 25,000 என்றார்; மற்றவர் 8 இலட்சத்து 50,000 என்றார், அதில் 1 இலட்சத்து 80,000 இடது சில்லை வெட்டித் திரும்ப நேராக்குவதற்கு. கூடிய தொகையையே எடுத்தேன். அரைகுறை வேலையைப் பொறுப்பேற்பவர் எதிர்பாராத செலவையே பெரும்பாலும் சந்திக்கிறார் என்பதே காரணம். மிஞ்சிய 5 இலட்சத்து 50,000 இலிருந்து, திறந்து பார்க்காத வலது சேசிஸ் காலுக்காக 75,000 கழித்தோம். வந்தது 4 இலட்சத்து 75,000. கேட்கும் விலை 5 இலட்சத்து 25,000 என்று வைத்தோம்.

கொப்பியிலிருந்த தொகை எங்கே போயிற்று என்று ஆசிரியை கேட்டார். அதில் ஒரு பகுதி சில்களிலும் ரீபோர் செய்த என்ஜினிலும் கண்முன்னே இருக்கிறது. ஒரு பகுதி மறுபடி வெட்டப்படப் போகும் தகட்டில் இருக்கிறது. இன்னொரு பகுதி ரெட் ஒக்சைட்டுக்கு அடியில் துருவாகிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்வது எனக்கும் எளிதாக இருக்கவில்லை.

வாங்க வந்தவர்கள்

முதலில் உறுதியாகப் பேசியவர், திருமண ஊர்வலங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் ஓர் இளைஞர். விலைக்கு ஒப்புக்கொண்டு, 50,000 முற்பணம் தரவும் முன்வந்தார். ஆனால் பெயர் மாற்றத்தைத் தான் பின்னர் பார்த்துக்கொள்வதாகவும், ஓப்பன் பேப்பரில் தந்தால் போதும் என்றும் கூறினார். வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கையொப்பமிட்ட படிவங்களுடன் வாகனத்தைக் கைமாற்றும் இந்த வழக்கம் நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. இங்கோ பதிவு உரிமையாளர் உயிருடன் இல்லை. அவர் பெயரில் எவர் கையொப்பமிட்டாலும் அது போலி. அந்தப் பேச்சு அவ்விடத்தில் முடிந்தது.

அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு மெக்கானிக் பிறகு வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், இந்த இரு என்ஜின்களும் சேர்ந்த ஏ சீரிஸ் வகையில் கைபழகியவர். "டீச்சர், நான் முதல்ல அடியில படுத்துப் பார்க்கிறேன், பிறகு கதைப்போம்," என்று சொல்லிச் சாக்கை விரித்துக் கீழே புகுந்தார். இடது கதவின் இடைவெளியை நாங்கள் சொல்லுமுன்பே கண்டுகொண்டார். பிறகு பட்டியலில் அது அளவோடு எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, மீதிப் பட்டியலை நிதானமாக வாசித்தார். அவரிடம் 1098 இற்குரிய கியர் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. மற்றவர்களுக்குக் குறையாகத் தோன்றிய என்ஜின் அவருக்குப் பொருத்தமாக அமைந்தது. ஒரு தேநீருக்குள் விலை 4 இலட்சத்து 90,000 இல் முடிந்தது. "பெரியவர் என்ஜின நல்லாச் செய்வித்திருக்கிறார் டீச்சர்" என்று அவர் போகும்போது சொன்னது, ஆசிரியையைத் தொகையைவிட நிறைவாக்கியது.

தாள்களும் கைமாற்றமும்

விலை முடிந்தும் கார் உடனே நகரவில்லை. பதிவுப் புத்தகம் இறந்தவரின் பெயரில் இருந்ததால், மரண அத்தாட்சிப் பத்திரம், விவாக அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், மற்ற இருவரும் தாய்க்குச் சம்மதம் தெரிவிக்கும் சத்தியக்கடதாசிகள் என்பன தேவைப்பட்டன. மகன் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரே நாளில் செய்து முடித்தார். மகளின் சம்மதத்தைக் கனடாவிலுள்ள இலங்கைத் தூதரகப் பிரிவில் உறுதிப்படுத்தி, மூலப்பிரதியைத் தபாலில் பெறுவதற்கு மூன்று மாதங்கள் சென்றன. இதற்கிடையில் மாரி வந்துவிட்டது. வாங்கியவர் முற்பணம் கொடுத்திருந்தும் காரை எடுத்துச் செல்லக் கேட்கவில்லை. பதிலாக, தானே ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து கொட்டகைக் கூரையின் மேல் கட்டிவிட்டுப் போனார்.

வருமான அனுமதிப்பத்திரம் 2017 இற்குப் பின் பெறப்படவில்லை. நிலுவை கேட்கப்படுமோ என்ற கவலை இருந்தது. ஆனால் வாகனம் பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்துக்குக் கணவர் கொடுத்த அறிவித்தலின் பிரதி, செலவுக் கொப்பியின் பின்னட்டைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அரச சேவையில் இருந்தவரின் அந்த ஒழுங்கு குடும்பத்துக்குக் கணிசமான பணத்தை மிச்சப்படுத்தியது.

தாள்கள் யாவும் சேர்ந்த பின், விற்பவர் அறிவிக்கும் எம்.ரி.ஏ. 8 படிவமும், புதிய உரிமையாளர் விண்ணப்பிக்கும் எம்.ரி.ஏ. 6 படிவமும் வாங்குபவரின் பெயருடன் முழுதாக நிரப்பப்பட்டன. விற்பனை ஒப்பந்தத்துடன் பாகப் பட்டியல், இல்லாதவற்றின் பட்டியல், குறைகளின் பட்டியல் மூன்றும் இணைக்கப்பட்டன. வலது சேசிஸ் காலுக்கு எதிரே "திறந்து பார்க்கப்படவில்லை, உள்நிலை தெரியாது" என்று எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டனர். 948 பிளொக் வெடித்திருந்தாலும் அதுவும் காருடன் சென்றது. புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கம் அதிலேயே இருக்கிறது. கடைசியாக, காணொளி ஓடிக்கொண்டிருக்க, மகன் உறையைத் திறந்து தகட்டை எடுத்துக்கொடுக்க, வாங்கியவர் பழைய துளைகளிலேயே இரு றிவெட்டுகளை அடித்தார். பின்பு கார் உருண்டு லொறியில் ஏறியது.

பின்னர் நடந்தவை

பெயர் மாற்றம் 2024 இல் தடங்கலின்றி நிறைவேறியது. சில மாதங்களின் பின் வாங்கியவர் என்னை அழைத்து, வலது சேசிஸ் காலைத் திறந்ததாகவும், புதிய தகட்டுக்கு உள்ளே பழைய இரும்பு இற்று உதிர்ந்திருந்ததாகவும், அந்த ஒரு துண்டைச் செய்வதற்குத் தான் எண்ணியதைவிடக் கூடுதலாகச் செலவாயிற்று என்றும் கூறினார். பணம் திருப்பிக் கேட்கவில்லை. கழித்திருந்த 75,000 ரூபாய் அந்த வேலைக்குப் போதாமல் போனது உண்மை; ஆனால் அந்த இடத்தின் நிலை தெரியாது என்று எழுதியே விற்றதால், இரு தரப்புக்கும் இடையே கசப்பு எழவில்லை. இடது சில்லை அவர் குறுக்குக் குழாய் இறுக்கி வெட்டி, இப்போது கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒத்து வந்திருக்கிறது.

குடும்பத்துக்குச் செலவு போகக் கையில் கிடைத்தது நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வியாபாரி முதலில் காட்டிய மூன்று இலட்சத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட வித்தியாசம் பெரிதல்ல, அதற்காக அவர்கள் பட்ட சிரமமோ பெரிது. ஆயினும் கணவரின் பெயர் பதிவேட்டிலிருந்து சுத்தமாக நீங்கியதையே ஆசிரியை முக்கியமாகக் குறிப்பிட்டார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இதேபோன்ற இன்னொரு காரை விற்க நேர்ந்தால், வேலையின் வரிசை மாறும். வெளிநாட்டிலுள்ள வாரிசின் சம்மதக் கடிதத்துக்கான ஏற்பாடு, காரைப் பார்ப்பதற்கும் முன்பாகத் தொடங்கப்பட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அது வரும்வரையிலான காலத்துக்குள் செய்து முடிக்கலாம். அப்படி நடந்திருந்தால் கார் ஒரு மாரியை அந்தக் கொட்டகையில் கழித்திருக்காது.

இப்போது வீட்டு வளவில் பழைய காரொன்றைக் கழற்றி வைத்திருப்பவர்கள், ஒரு தகட்டை ஒட்டி மூடுவதற்கு முன் உட்பகுதியைப் படமெடுத்து வைப்பார்களானால், அந்தப் படம் பிற்காலத்தில் ஆயிரங்களாகக் கணக்கில் வரும். வலது சேசிஸ் காலுக்கு அப்படி ஒரு படம் இருந்திருந்தால், அதன் நிலை எதுவாக இருந்தாலும் விலையைச் சரியாகக் கணித்திருக்கலாம். மேற்பூச்சு அடிக்க வசதி இல்லாவிட்டால் ரெட் ஒக்சைட்டில் விடாமல், ஈரம் புகாத எப்பொக்சி முதற்பூச்சைக் கேட்டு அடிப்பிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் இது கட்டாயம்.

என்ஜின் விடயம் இன்னும் முடியவில்லை. 1098 பிளொக்கைக் காரின் பதிவில் சேர்ப்பதற்கு அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட வேண்டும். கொப்பியில் தொகையும் மாதமும் மட்டும் உள்ளன, விற்றவரின் பெயர் இல்லை. லேத் பட்டறை, அந்த பிளொக்கைத் தன்னிடம் கொண்டுவந்தவர் காரின் அப்போதைய உரிமையாளரே என்று ஒரு கடிதம் தந்திருக்கிறது. புதிய உரிமையாளர் அதை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். அது ஏற்கப்படாவிட்டால், வெடித்த 948 பிளொக்கையே ஒட்டித் தேற்றிக் காரில் ஏற்றுவது என்று முடிவு செய்து, அதற்கான சிலிண்டர் தலையைத் தேடத் தொடங்கியிருக்கிறார்.